காரைக் களிமண் சீக்கிரமே தெளிந்துவிட்டது

பெரம்பலூர் மாவட்டம் காரையிலிருந்து இரண்டு கைப்பிடி களிமண் எடுத்து வந்து மூன்று வாரம் ஆகிறது. கிட்டத்தட்ட 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு. நிலவியலார் 'ஊட்டத்தூர்' தொகுதி என்பதில் இதுவும் அடக்கம்.

பொடித்துக் கரைத்து ஊறுகாய் பாட்டிலில் ஊற்றினேன். களி என்றால் 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) அளவோ அதைவிடச் சிறியதோ ஆன துகள், அது 10 செ.மீ. இறங்க ஆறேழு மணி நேரமாவது பிடிக்க வேண்டும். அரை மணியில் மேலே பளிங்குத் தண்ணீர்! எடுத்து வந்தது களியே இல்லையோ என்று சோர்ந்துவிட்டேன். அடியில் பார்த்தால் திரிந்த பால்போலத் திரிதிரியாகக் கிடந்தது. அப்புறம்தான் உறைத்தது: ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட் கனிமம். காரையில் கால் வைக்கும் இடமெல்லாம் கண்ணாடிச் சில்லாக மின்னுவது அதுதான். அதிலிருந்து கரையும் கால்சியம் களித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. பாதி மண்ணை ஐந்து முறை அலசி, ஒரு சிட்டிகை சலவைச் சோடா போட்டேன். மறுநாள் காலையிலும் டீ மாதிரி கலங்கல்!

ஜிப்சத்தைக் கடல் வற்றி மிஞ்சிய உப்பு என்றே நினைத்திருந்தேன். ஆனால் அதன் நரம்புகள் மண் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. அடுக்குக்குப் பிறகு வந்தவைதானே அவை? சேற்றில் இருந்த பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, சிப்பிகளின் சுண்ணாம்பைத் தின்றால் ஜிப்சம் பிறக்கும். 50 கிராம் துண்டைப் பொடித்துப் பழைய தோசைக்கல்லில் வறுத்தேன், உள்ளே பிணைந்திருந்த நீர் போய் 42 ஆனது. நீரில் குழைத்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸாகவே இறுகியது. (தோசைக்கல் விஷயம் வீட்டில் இன்னும் தெரியாது.)

கடைசியாக உப்பல் சோதனை, அதாவது களி எவ்வளவு வீங்குகிறது என்று பார்ப்பது. மண்ணெண்ணெயில் களி உப்பாது, தண்ணீரில் உப்பும், வித்தியாசம்தான் கணக்கு. மண்ணெண்ணெய் தேடியே இரண்டு நாள் போயிற்று. சோடா சேர்ந்தால் உப்பல் கூடிவிடும் என்பதால், மீதி மண்ணை வெறும் தண்ணீரில் அலசி, உலர்த்தி, 10 கிராம் வீதம் போட்டேன். மண்ணெண்ணெயில் 11 மி.லி., தண்ணீரில் 18. நம்ம கரிசல் மண் குணம். அப்படியானால் நீரைக் குடித்து வீங்கும் ஸ்மெக்டைட் வகைக் களி இருக்க வேண்டும். ஆழத்தில் புதைந்து, 70, 100 டிகிரி சூட்டில் பொட்டாசியத்தோடு நெடுங்காலம் கிடந்திருந்தால் அது 'இல்லைட்' (illite) என்ற வேறு வகைக் களியாக மாறி, இப்படி உப்பாமல் போயிருக்கும். அத்தனை கோடி ஆண்டுகள் கிடந்தும் இந்தச் சேறு சரியாக வேகவே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

எந்த வகைக் களி என்று உறுதியாகச் சொல்ல எக்ஸ்-ரே சோதனை வேண்டும். கலங்கல் தண்ணீரைக் கண்ணாடித் தகட்டில் ஊற்றிக் காயவைத்திருக்கிறேன். கல்லூரி ஆய்வகம் ஏதாவது மனமிரங்க வேண்டும்.