தலைகீழாகப் பார்த்த படம்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன் எடுத்த ஒரு படத்தை 8க்கு 12 அங்குல அளவில் அச்சிட்டு எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பிழைப்புக்கு வேறு வேலையும் ஆசைக்குக் கேமராவும் வைத்திருக்கும் ஆறேழு பேர், மாதம் ஒரு முறை நண்பர் ஒருவரின் மொட்டைமாடியில் கூடி, எடுத்ததைக் காட்டிக் கருத்துக் கேட்போம். ஏலத்தில் எடுத்த மீனைக் கூடையோடு தூக்கி நிமிரும் ஒரு பெண்மணி, பின்னால் படகுகளின் வரிசை, மேலே இன்னும் வெளுக்காத வானம் என்று அந்தப் படத்தில் எல்லாம் அமைந்துவிட்டதாகவே நான் நம்பியிருந்தேன். மூன்றரை மணிக்கு எழுந்து, மூன்றாவது முறையாகப் போனபோது கிடைத்த படம் என்பதால் அதன் மேல் எனக்குத் தனிப் பாசமும் இருந்தது. அச்சு கை மாறிக்கொண்டே போக, ஒவ்வொருவரும் "அருமை", "பிரமாதம்" என்றார்கள்.

எங்களில் மூத்தவர், பல ஆண்டுகள் ஸ்டுடியோ நடத்தி ஓய்ந்தவர், அதை வாங்கித் தலைகீழாகத் திருப்பிக் கையை நீட்டிப் பிடித்தார். "தம்பி, இப்போ உங்க கண்ணு மொதல்ல எங்க போகுது?" என்று மட்டும் கேட்டார். வலது கீழ் மூலையில் கிடந்த வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிக்குத்தான் போனது. நேராகப் பார்த்திருந்த ஒரு வாரமும் அப்படி ஒரு பெட்டி இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. தலைகீழானதும் பெண்மணியும் கூடையும் அடையாளம் இழந்து வெறும் வெளிச்சமும் இருட்டுமாகிவிட, படத்திலேயே அதிக வெளிச்சமான அந்தப் பெட்டி கண்ணைப் பிடித்து இழுத்தது. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோனும் படத்தின் அமைப்பைச் சோதிக்க இப்படித் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பவர் என்பதைப் பிற்பாடுதான் படித்தேன்.

உடனே என் வாய் காரணங்களைத் தேடியது. கூட்டம் நெருக்கியது, ஐஸ் தண்ணீரில் கால் வழுக்கியது, அந்த அம்மா நிமிர்ந்தது ஒரு கணம்தான். அத்தனையும் உண்மை, ஆனால் அவற்றில் ஒன்றுகூட அச்சில் இல்லை. பார்ப்பவருக்கு என் தூக்கம் கெட்ட கணக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அன்றிலிருந்து என் படம் சுற்றுக்கு வரும்போது சொல்கிறவர் சொல்லி முடிக்கும்வரை நான் பேசுவதில்லை, ஒரு தாளில் குறித்துக்கொள்கிறேன். எளிய பழக்கம்போலத் தெரிந்தாலும் முதல் சில மாதங்கள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியை வெட்டிவிடலாம் என்று ஒருவர் சொல்ல, எடுத்த படத்தை வெட்டவே கூடாது என்று இன்னொருவர் சட்டம் பேசினார். இந்த விவாதம் எங்கள் மாடியில் அடிக்கடி நடக்கும், ஒருமுறையும் முடிந்ததில்லை. வெட்டுவதை விரும்பாத கார்த்தியே-பிரெசோனே, 1932இல் பாரிஸின் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் தேங்கிய நீரைத் தாண்டும் புகழ்பெற்ற படத்தை வெட்டித்தான் அச்சிட்டார். வேலிப் பலகைகளின் இடுக்கு வழியே எடுத்ததால் ஒரு பக்கம் மறைந்துபோயிருந்தது, அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. என் படத்திலோ பெட்டியை வெட்டினால் கூடையின் விளிம்பும் சேர்ந்து போய், பெண்மணி ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்பார். அங்கேயே இரண்டடி இடப்பக்கம் நகர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சாய்ந்த தொடுவானத்தையும் மஞ்சள் பூத்த நிறத்தையும் வீட்டில் உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம், நின்ற இடத்தின் பிழையை அடுத்த பயணத்தில்தான் திருத்த முடியும். எது எந்த வகை என்று பிரித்துச் சொல்கிறவரின் கருத்து எனக்கு உடனே பயன்படுகிறது.

கேட்டுக்கொள்வதில் தேறிய நான் சொல்வதில் கோட்டை விட்டேன். கல்லூரி மாணவர் ஒருவர், தம் பாட்டி முறத்தில் அரிசி புடைக்கும் படத்தைக் கொண்டுவந்தார். பார்த்த மாத்திரத்தில், "ஷட்டர் வேகம் போதாது, அரிசி கலங்கிவிட்டது, 1/500 வைத்து ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள்" என்றேன். அதாவது, ஷட்டர் இன்னும் குறைந்த நேரமே திறந்து அசைவை உறையவைக்கட்டும், அதனால் குறையும் வெளிச்சத்தை ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்திறனைக் கூட்டி ஈடுகட்டுங்கள் என்று. அவர் தலையாட்டிவிட்டுப் படத்தைப் பைக்குள் வைத்தார், அடுத்த இரண்டு மாதங்கள் மாடிப் பக்கமே வரவில்லை.

தேநீர்க் கடை ஒன்றில் தற்செயலாகச் சந்தித்தபோதுதான் விவரம் தெரிந்தது. கேமராவை ஒரு ஸ்டூலின் மேல் வைத்து, வேண்டுமென்றே 1/15 நொடியில், அரிசி கோடு கோடாக எழும்ப வேண்டும், பாட்டியின் முகம் மட்டும் அசையாமல் இருக்க வேண்டும் என்று நாற்பது முறைக்கு மேல் முயன்று எடுத்திருக்கிறார். செல்பேசியில் இருந்த அதே படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். கண் இமை வரை கூர்மையாக இருந்தது. நான் அன்று முகத்தைப் பார்க்கவே இல்லை.

உண்மையில் அந்தப் படத்தில் ஒரு குறை இருந்தது, அது நான் சொன்ன குறை அல்ல. பாட்டிக்குப் பின்னால் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர் இருந்ததால், வெள்ளை அரிசி எழும்பிய கோடுகள் சுவரோடு கரைந்துபோயிருந்தன. ஷட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பின்னணியை மட்டும் இருட்டாக்கினால் அவர் நினைத்தது நடந்துவிடும். என்ன நினைத்து எடுத்தீர்கள் என்ற ஒரு கேள்வியை மாடியிலேயே கேட்டிருந்தால் இரண்டு மாதம் வீணாகியிருக்காது. மன்னிப்பும் கேட்டு இதையும் சொன்னேன். மாட்டுத் தொழுவத்தின் வாசல் உள்ளே ஒரே இருட்டாக இருக்கும், அங்கே உட்காரவைத்துப் பார்க்கிறேன் என்றார்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவர் புதிய அச்சோடு மாடிக்கு வந்தார். கருத்த வாசலின் முன் அரிசி வெள்ளிக் கம்பிகளைப் போல எழும்பியிருந்தது. ஆனால் பாட்டியின் முகம் இந்த முறை லேசாக ஆடியிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டு, எடுக்கும்போது என்ன நடந்தது என்று கேட்டேன்.

"பாட்டி சிரிச்சிட்டாங்க அண்ணா" என்றார்.