தம்பிக்கு நாளைக்கு முதல் மாத்திரை

"எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒருநாள் விடாமச் சாப்பிடுறேன், அப்புறம் ஏன் அண்ணா லிவர் ரிப்போர்ட் இப்படி வருது?" என்று போன வாரம் தம்பி ஒருவன் கேட்டான், நாலாய் மடித்துக் கசங்கிய ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு. ஒரு காலத்தில் ஒரே ஊசியை நண்பர்களோடு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டவன். அந்த ஊசி வழியே எச்.ஐ.வி.யோடு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸும் வந்து வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே இருந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் சீக்கிரம் கெடும், ஏ.ஆர்.டி. மாத்திரை சி வைரஸை அழிக்காது.

ஆனால் சி-யை முழுசாகக் குணப்படுத்தலாம்! சோபோஸ்புவிர், டக்ளாடஸ்விர் என்று இரண்டு மருந்து, பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம், நூற்றில் 90 பேருக்கு மேல் சரியாகிறது. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எதிர்ப்பு சக்தி ரொம்பக் குறைந்திருந்தால் ஆன்டிபாடி (வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் பொருள்) சோதனை தவறாக நெகட்டிவ் காட்டலாம், வைரல் லோடும், அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்றும், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எச்.ஐ.வி.க்கு எஃபவிரன்ஸ் என்ற மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள், டக்ளாடஸ்விர் அளவு மாறும். சரியான பிறகும் மறுபடி தொற்றலாம், தடுப்பூசி இன்னும் இல்லை, ஆகவே ஊசியைப் பகிரவே வேண்டாம்.

நாளைக் காலை சி-க்கான முதல் மாத்திரைக்குத் தம்பியோடு நானும் போகிறேன். வேறு யாருக்காவது துணை வேண்டுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.