6 கிலோ இரும்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டையில் ஒரு பழைய கொட்டகையை வாடகைக்குப் பிடித்து வெல்டிங் பள்ளி தொடங்கியபோது, எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்: இந்த ஊர் காகித வேலை. மற்றபடி தொழில் தெரியும். திருச்சி திருவெறும்பூரில் பாய்லர் குழாய்களில் பழகிய கை இது. லிம்போப்போ மாகாணத்தில் மெடுப்பி அனல்மின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் வேலைக்கு வந்து, டர்பன் மெரிபேங்கில் பெண் எடுத்து, இங்கேயே தங்கிவிட்டவன்.

முதல் நாளே ஒரு ஜூலு பையன் மடக்கிவிட்டான். "பாபா, ராடை எவ்வளவு தூரத்தில் பிடிக்கணும்?" வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. ராடு என்பது உருகி மூட்டை நிரப்பும், மேல்பூச்சுள்ள கம்பி. அதன் உள்கம்பி எவ்வளவு தடிமனோ இரும்பிலிருந்து ஏறக்குறைய அவ்வளவு இடைவெளி என்று புத்தகத்தில் இருக்கும். முகமூடியை இறக்கிவிட்டு 3 மில்லிமீட்டரை யார் அளக்கிறது? இருபது வருஷமாக என் கை செய்ததை வாயால் சொல்ல எனக்கே தெரியவில்லை.

வழி கிடைத்தது வீட்டு அடுப்பங்கரையில். புரட்டாசி மாதம் மாமியார் வடை சுட்டுக்கொண்டிருந்தார். இங்கே தமிழ் பேசாத தமிழ் வீட்டில்கூட புரட்டாசியும் வடையும் விட்டுப்போகவில்லை. எண்ணெய் சரியாகக் காய்ந்திருந்தால் ஒரே சீராகப் பொரிகிற சத்தம் வரும். அதேதான்! மறுநாள் எல்லோரையும் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு நான் பற்றவைத்தேன். கண்ணுக்கு வேலை இல்லை, காதுக்கு மட்டும். சீராகப் பொரிந்தால் சரி. கடுகு வெடிக்கிற மாதிரி படபடவென்று பொறி தெறித்தால் ராடு எட்டப் போய்விட்டது. சத்தம் அடங்கி முனகினால் ஒட்டிக்கொள்ளப் போகிறது. ஒரு வாரத்தில் பையன்கள் பக்கத்துத் தடுப்பில் வேலை செய்கிறவனைப் பார்க்காமலே "கஹ்லே, கஹ்லே" என்று எச்சரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜூலுவில் பதமாக, மெதுவாக என்று அர்த்தம்.

காகித வேலையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, எழுதினால் கோபம் வரும். பழைய பாடத்திட்டங்களில் ஆள் சேர்க்க 2024 ஜூன் 30 கடைசி நாள். அதற்குப் பிறகு க்யூசிடிஓ என்கிற கவுன்சிலின் புதிய தொழிற்படிப்புகள்தான். நான் காசு கொடுத்துத் தயார் செய்து வைத்திருந்த கோப்புகள் பழையவை. அவ்வளவுதான்.

நானே சொதப்பியது ஒன்று உண்டு. பிப்ரவரி மாத டர்பன் எப்படி இருக்கும் என்று கடலோரத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அந்த மாதத்தில் ஒரு வாரம் முழுக்க எல்லாப் பையன்களின் வேலையிலும் ஊசி குத்தின மாதிரி ஓட்டை. கை நடுங்குகிறது, கவனம் இல்லை என்று தினமும் திட்டினேன். ஐந்தாம் நாள் நானே உட்கார்ந்து ஒரு ரன், அதாவது ஒரு வரி பற்றவைப்பு, போட்டேன். எனக்கும் ஓட்டை. 7018 ரக ராடின் மேல்பூச்சு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டப்பாவைத் திறந்தால் மிச்சத்தைச் சூட்டடுப்பில் வைத்திருக்க வேண்டும், ஈரம் ஏறிவிட்டால் 300 டிகிரிக்கு மேல் வைத்துக் காயவைக்க வேண்டும். திருவெறும்பூரில் இதற்கென்றே ஓர் ஆள் இருந்தார், நான் கையை நீட்டினால் சூடாக ராடு வரும். இங்கே அந்த ஆளும் நான்தான் என்பது உறைக்க ஐந்து நாள் ஆனது. பையன்களிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த மாத வாடகைக்கு வைத்திருந்த பணத்தில் அடுப்பு வாங்கினேன்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 10 மில்லிமீட்டர் தகட்டில், 300க்கு 125 என்று இரண்டு துண்டு வெட்டினால் கிட்டத்தட்ட 6 கிலோ. ஒருவன் ஒரு முறை ஒரு மூட்டைப் பற்றவைத்துப் பழக இவ்வளவு இரும்பு. பற்றவைத்த பிறகு அது பழைய இரும்புக்காரருக்குத்தான். 3.15 மில்லிமீட்டர் ராடு ஒன்று நிமிஷக் கணக்கில் தீர்ந்துபோகும். கிரைண்டர் டிஸ்க் தனிக்கணக்கு. ஆக இந்தப் படிப்பின் சரக்கே வீண்செலவுதான். எத்தனை 6 கிலோவை ஒரு பையன் பாழாக்கினானோ அந்த அளவுக்குத்தான் கை படியும். வேறு குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த நாட்டில் பெரிய கம்பெனிகள் சம்பளப் பட்டியலில் 1 சதவீதம் திறன் வரி கட்டுகின்றன, பயிற்சிக்கு ஆள்களை அனுப்பவும் செய்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பணம் தலைக்கு இவ்வளவு என்று வருகிறது, பாழாக்கிய இரும்புக்கு இவ்வளவு என்று வருவதில்லை. அப்போது பள்ளி நடத்துகிறவனுக்கு என்ன தோன்றும்? மெல்லிய தகடு, சுலபமாக ஓடும் 6013 ராடு, பாதி நேரம் படம் போட்டு விளக்கம். எனக்கும் தோன்றியது. 2023-ல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது, கரண்ட் போன நேரமெல்லாம் கரும்பலகையில் படம் வரைந்தேன். செலவே இல்லை. அந்த மாதங்களில்தான் கையில் நாலு காசு நின்றது என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கும்பலை வளைவுச் சோதனைக்கு வைத்தபோது உண்மை வெளியே வந்தது. பற்றவைத்த தகட்டிலிருந்து ஒரு பட்டையை அறுத்து, மேடு தெரியாமல் தேய்த்து, 20 டன் ஜாக்கி வைத்து நாங்களே செய்த அழுத்தியில் யு வடிவத்துக்கு மடக்குவோம். மூட்டு வாய் பிளந்து 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் தோல்வி. அன்றைக்குப் பட்டைகள் ஒவ்வொன்றாகப் பிளந்தன. மேலே பார்த்தால் மீன் செதில் மாதிரி அழகான ரன், அடியில் வேர் பிடிக்கவே இல்லை.

ஃபீஸை ஏற்றினேன், ஆள்களைக் குறைத்தேன். என் மைத்துனர், "இதுக்கு நீங்க வேலைக்கே போயிருக்கலாம் மச்சான்" என்றார். தப்பில்லை, போயிருக்கலாம்.

இப்போது சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பெண் வருகிறாள். தாத்தா சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்தவராம். தமிழில் அவளுக்குத் தெரிந்தது வணக்கமும் சாப்பாட்டுப் பெயர்களும். போன வாரம் மூன்றாவது முறையாக அவளுடைய பட்டை பிளந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. பிளந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள், "வேர்ல ஸ்லாக் மாட்டியிருக்கு அங்கிள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஸ்லாக் என்பது ராடின் பூச்சு உருகி உறைந்த கசடு. சரியாகத்தான் சொன்னாள். பிறகு பட்டையைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு, புதிதாக இரண்டு தகடு எடுத்து விளிம்பைச் சாய்க்க கிரைண்டரை ஓட்ட ஆரம்பித்தாள். இன்னொரு 6 கிலோ. நான் ராடு எடுக்க அடுப்பைத் திறந்தேன்.