சைக்ஸ் என்ற குடும்பப்பெயரின் வேரைத் தேடிப் பட்ட பாடு

என் கணவரின் குடும்பப்பெயர் சைக்ஸ். இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில், அதிலும் ஹடர்ஸ்ஃபீல்டைச் சுற்றியுள்ள கம்பளி நெசவுப் பள்ளத்தாக்குகளில், தடுக்கி விழுந்தால் ஒரு சைக்ஸ் வீட்டு வாசலில்தான் விழ வேண்டும் என்னும் அளவுக்கு இந்தப் பெயர் மலிந்து கிடக்கிறது. ஸ்லெட்மியர் மாளிகையின் பிரபுக் குடும்பம், அதாவது மத்திய கிழக்கைப் பங்கிட வகுத்த 1916ஆம் ஆண்டின் சைக்ஸ்–பிக்கோ ஒப்பந்தத்துக்குப் பெயர் தந்த மார்க் சைக்ஸின் குடும்பம், தங்களுக்கு உறவு என்று என் மாமியார் வெகுகாலமாக நம்பி வந்தார். சுற்றுலாக் கடையில் வாங்கிய 'சைக்ஸ் குலச்சின்னம்' ஒன்றும் அவர் கூடத்தில் தொங்குகிறது. இங்கிலாந்தில் குலச்சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் வழங்கப்படுவதே தவிர ஒரு பெயருக்கு வழங்கப்படுவதில்லை. ஆகவே பெயரைச் சொன்னதும் எடுத்து நீட்டும் கடைகளில் யாரும் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்லெட்மியர் குடும்பம் லீட்ஸ், ஹல் நகரங்களின் வணிகர் வழி வந்தது. நாங்கள் தேடிய ஆட்களோ மலைச்சரிவுக் குடிசைகளில் தறி போட்டவர்கள்.

பெயரின் தோற்றத்தில் பெரிய சிக்கல் இல்லை. ஈர நிலத்தில், பல இடங்களில் எல்லையாகவும் இருந்த சிற்றோடையின் அருகே குடியிருந்தவர்களுக்கு அமைந்த பெயர் இது. 1274ஆம் ஆண்டிலிருந்து எஞ்சியுள்ள வேக்ஃபீல்டு நிலப்பிரபுவின் பண்ணை நீதிமன்றச் சுருள்களைப் புரட்டினால் இத்தகைய ஓடைப் பெயர்களைக் காணலாம். 1379ஆம் ஆண்டின் தலைவரிப் பட்டியலிலும் காணலாம். ஓடைகள் எண்ணற்றவை என்பதால் பெயரும் பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ், 2000ஆம் ஆண்டில் வெளியான தம் ஆய்வில், இந்தப் பெயருடைய 48 ஆண்களின் ஒய் குரோமோசோமைச் சோதித்து, அவர்களில் ஏறத்தாழ 44 சதவீதத்தினர் ஒரே தந்தைவழி அடையாளத்தைப் பகிர்கிறார்கள் என்று காட்டினார். மீதி 56 சதவீதத்தினர் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வியை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு அது பின்னால் தேவைப்பட்டது.

1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து 1851 வரை பின்னோக்கிப் போவது ஒரு மாலை வேலையாகவே முடிந்தது. 1931ஆம் ஆண்டின் ஏடுகள் 1942இல் தீயில் எரிந்துபோனதால் அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1841ஆம் ஆண்டின் ஏட்டில் பதினைந்து வயதைக் கடந்தவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், பிறந்த ஊரையும் எழுதவில்லை. எனவே 1851ஆம் ஆண்டின் ஏடுதான் உண்மையான பிடிமானம். அதில் எங்கள் முன்னோர் பிறந்த ஊர் ஸ்லெய்த்வெய்ட் என்று இருந்தது. உள்ளூர்க்காரர்கள் அதை 'ஸ்லாவிட்' என்பார்கள். காதில் விழுந்ததை எழுதிய கணக்கெடுப்பாளர்களின் கையில் அந்த ஊர் பல வடிவங்களை எடுத்திருக்கிறது. தேடுபொறியில் ஒரே எழுத்துக்கூட்டலை மட்டும் இடுபவர்கள் வெறுங்கையுடன் திரும்புவார்கள்.

தொல்லை திருமணச் சான்றிதழில் தொடங்கியது. இங்கிலாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு 1837ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியில் தொடங்கியது; ஆனால் திருமண அட்டவணையில் துணைவரின் குடும்பப்பெயரையும் சேர்த்து அச்சிடும் வழக்கம் 1912இல்தான் வந்தது. 1840களில் ஹடர்ஸ்ஃபீல்டு பதிவு மாவட்டத்தில் ஒரே காலாண்டில், ஒரே முதற்பெயரும் இதே குடும்பப்பெயரும் கொண்ட பலர் மணமுடித்திருக்கிறார்கள். ஆண்களில் ஜான், ஜோசப், வில்லியம் என்ற மூன்று பெயர்களை எடுத்துவிட்டால் அந்தப் பள்ளத்தாக்கே காலியாகிவிடும்போல் இருந்தது. கட்டணம் செலுத்திப் பல நாள் காத்திருந்து வாங்கிய சான்றிதழ் வேறொருவருடையது. விதிப்படி, அட்டவணையில் நாம் சுட்டிய எண்ணுக்குரிய ஆளின் சான்றிதழைப் பதிவு அலுவலகத்தார் அனுப்பிவிட்டார்கள், பணம் திரும்பாது. இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. 1837 முதலான பிறப்புகளுக்குத் தாயின் கன்னிப்பெயரையும் காட்டும் புதிய இணைய அட்டவணை 2016 முதல் கிடைக்கிறது. பிள்ளைகளின் பிறப்பை முதலில் அங்கே பிடித்து, தாயின் பெயரை உறுதி செய்துகொண்டு, அதே காலாண்டில் அதே பக்க எண்ணில் அந்தப் பெண்ணின் பெயரும் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டும்.

அந்த முறையில் வாங்கிய சரியான சான்றிதழில் மணமகனின் தந்தை பெயருக்கும் தொழிலுக்கும் உரிய கட்டங்களில் ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்தது. இணையத்தில் உள்ள கொடிவழிகள் அனைத்திலும் அவருக்கு ஒரு தந்தை, அந்தத் தந்தைக்கு ஒரு தந்தை என்று 1600கள் வரை ஏணி கட்டியிருந்தார்கள். அந்த ஒற்றைக் கோட்டை அவர்களில் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்துத் திருமுழுக்குப் (ஞானஸ்நானப்) பதிவேடு. இதற்காக ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போனபோது நடந்ததை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. வாசகர் அட்டை பெற அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும். எங்கள் வீட்டு மின்கட்டண ரசீது கணவர் பெயரில் வருகிறது. படிவத்தில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் என் தந்தையின் பெயரை எழுதியதைப் பார்த்த எழுத்தர், அப்படியென்றால் சைக்ஸ் குடும்பத்துக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார். பொது ஆவணத்தைப் பார்க்கத் தொடர்பே தேவையில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குடும்பப்பெயர் என்ற ஏற்பாடே இல்லாத மரபில் பிறந்த ஒருத்தி, பிறருடைய குடும்பப்பெயரைத் தேடி அலைவது எனக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அவரிடம் அதைச் சொல்லிச் சிரிக்கும் மனநிலையில் நான் இல்லை. அன்று திருப்பி அனுப்பப்பட்டேன். வங்கிக் கணக்குத் தாளுடன் மறுபடி சென்றபோது, கேட்கும் பெட்டி வெளிக்கிடங்கில் இருக்கிறது, முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்று அதே எழுத்தர் சொன்னார். புறப்படுமுன் ஒவ்வோர் ஆவணத்தின் குறியீட்டெண்ணையும் எழுதி மின்னஞ்சல் அனுப்பி, அது மேசைக்கு வரும் என்ற பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்ன வாக்குறுதிக்கு அங்கே மதிப்பில்லை.

1813 முதல் திருமுழுக்குப் பதிவேடுகள் அச்சிட்ட கட்டங்களுடன் வந்தன: குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், வசிப்பிடம், தந்தையின் தொழில், சடங்கை நடத்திய குருவின் பெயர். மைக்ரோஃபிலிமில் நான் பார்த்த பக்கத்தில் தாயின் பெயர் மட்டும் தெரிந்தது. தொழில் கட்டம் ஏட்டின் தையல் மடிப்பு நிழலில் கறுத்துக் கிடந்தது. மூல ஏட்டைக் காட்டச் சொன்னதற்கு, படச்சுருள் இருக்கும்போது மூலத்தை எடுக்க மாட்டோம் என்றார்கள். விதி நியாயமானதே; ஆனால் படிக்க முடியாத பக்கத்துக்கு விலக்கு உண்டு என்பதும் அதே விதியில்தான் இருந்தது. நிழல் விழுந்த பகுதியை அச்செடுத்து, அந்த விலக்கைச் சுட்டி எழுத்து மூலம் கேட்ட பிறகு, மூத்த ஆவணக் காப்பாளர் ஒருவர் ஏட்டை எடுத்துவந்து மெத்தையில் கிடத்தி விரித்தார். தொழில் கட்டத்தில் 'மணமாகாத பெண்' என்று எழுதியிருந்தது. சைக்ஸ் என்ற பெயர் எங்கள் கிளைக்குத் தாய்வழியாக வந்திருக்கிறது.

கொடிவழிக்காரர்கள் பிடித்த குழந்தை வேறு. கோல்ன் ஆற்றின் ஒரு கரையில் ஸ்லெய்த்வெய்ட் ஹடர்ஸ்ஃபீல்டு பங்கை, அதாவது அந்தத் தேவாலயத்தின் நிர்வாகப் பகுதியை, சேர்ந்தது. மறுகரையின் ஊர்கள் ஆல்மண்ட்பரி பங்கைச் சேர்ந்தவை. அந்தப் பக்கத்தில் ஏறத்தாழ அதே காலத்தில், அதே பெயருடன், தாய் தந்தை இருவர் பெயரும் பதிவான ஒரு குழந்தைக்குத் திருமுழுக்கு நடந்திருக்கிறது. முழுமையாகத் தெரிந்ததால் அதையே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அடக்கப் பதிவேட்டைப் புரட்டியிருந்தால் அந்தக் குழந்தை நடக்கப் பழகுமுன்னே இறந்துவிட்டது தெரிந்திருக்கும். 1813க்குப் பிறகான அடக்கப் பதிவில் வயதும் வசிப்பிடமும் இருப்பதால் ஐயத்துக்கு இடமில்லை. ஒரு திருமுழுக்கைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அடுத்த தலைமுறைக்குத் தாவாமல், அந்தக் குழந்தை உயிரோடு வளர்ந்ததா என்பதை முதலில் அடக்கப் பதிவேட்டில் பாருங்கள்.

தாய் யார் என்பதை ஏழை நிவாரணத் தாள்கள் காட்டின. 1834ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வரும்வரை, முறையான திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரே அதற்குப் பொறுப்பு என்பது பொது விதி. அதனால் மணமாகாமல் கருவுற்ற பெண்களைப் பிரசவத்துக்கு முன் எல்லை தாண்டி அனுப்பிவிடுவதில் ஊர் மேற்பார்வையாளர்கள் மிகுந்த சுறுசுறுப்புக் காட்டினார்கள். 1795ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகளை உதவி கேட்கும் முன்பே வெளியேற்றக் கூடாது என்று தடுத்தபோதும், இந்தப் பெண்களுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை. மறுகரையில் வேலை பார்த்த இந்தப் பெண்ணை இரண்டு நீதிபதிகளின் கையொப்பத்துடன் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பிய வெளியேற்ற ஆணை, மங்கிய அச்சுப் படிவமாக அந்தத் தாள்கட்டில் இருந்தது. குடும்பப்பெயரின் இடப்பெயர்ச்சி என்றதும் கப்பலையும் கடலையும் எதிர்பார்த்திருந்த எனக்கு, ஓர் ஆற்றின் அகலமே உள்ள இந்தக் கட்டாயப் பயணம்தான் எங்கள் கிளையின் முதல் இடப்பெயர்ச்சி என்று தெரிந்தபோது கோபமே மிஞ்சியது. குழந்தையின் தந்தை யார் என்று சொல்லும் ஆணை அந்தத் தாள்கட்டில் இல்லை.

கடல் கடந்தது அந்தப் பெண்ணின் பேரன்களில் ஒருவர். 1849இல் ஸ்டாண்டெட்ஜ் ரயில் சுரங்கம் திறந்த பின் மற்றவர்கள் பென்னைன் மலையைக் கடந்து லங்காஷயர் பஞ்சாலைகளுக்குப் போக, இவர் மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரக் கம்பளி ஆலைக்குப் போனார். நியூயார்க்கின் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவு 1892இல்தான் திறந்தது. 1855 முதல் 1890 வரை அங்கே இறங்கியவர்களைக் காஸில் கார்டன் என்ற முந்தைய நிலையத்தின் பட்டியல்களில் தேட வேண்டும். நான் பார்த்த பக்கங்களில் பிறந்த ஊருக்குப் பதிலாக 'இங்கிலாந்து' என்றுதான் இருந்தது. 1890ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பும் பெரும்பாலும் அழிந்துபோனதால், வந்த ஆண்டைக் கேட்டு எழுதிய 1900ஆம் ஆண்டு ஏடுதான் கைகொடுத்தது.

மாமியார் செய்தியை நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஏற்றுக்கொண்டார். சுவரின் வண்ணத்துக்குப் பொருந்துகிறது என்று சொல்லிக் குலச்சின்னத்தை மட்டும் கழற்ற மறுக்கிறார். கணவரோ, அந்த 44 சதவீதத்தில் தாம் இல்லை என்பதை அறிய டிஎன்ஏ சோதனைக்குப் பணம் கட்டத் தேவையில்லாமல் போயிற்று என்கிறார். அந்தப் பெண்ணைக் கருவுறச் செய்தவரும் ஒரு சைக்ஸாக இருந்திருக்கலாம், அந்தப் பள்ளத்தாக்கில் அதற்கான வாய்ப்பு அதிகம் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் அசையவில்லை.

தவறான கொடிவழியை வைத்திருப்பவர்களுக்கு அடக்கப் பதிவின் படத்தையும் திருமுழுக்குப் பக்கத்தையும் இணைத்து எழுதினேன். பெரும்பாலோர் பதில் தரவில்லை. ஒருவர் மட்டும், இத்தனை பேர் இதே தந்தையைக் குறித்திருக்கும்போது எல்லோரும் தவறாக இருக்க முடியுமா என்று கேட்டிருந்தார். இறந்த குழந்தையைத் திருமணம் செய்துவைத்து ஏழு பிள்ளைகளும் கொடுத்த அந்தக் கொடிவழி இன்றும் இணையத்தில் நகலெடுக்கப்பட்டு வருகிறது.