பிஎச்.டி. நேர்காணல்: கேள்விகளைவிட அலுவலகம் படுத்திய பாடு

ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் பிஎச்.டி. திட்டமான மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க்கில் ஓர் இடத்துக்கான நேர்காணலை ஒருவழியாக முடித்தாயிற்று. எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

விண்ணப்பம், ஷார்ட்லிஸ்ட் எல்லாம் தடங்கலில்லாமல் போனது. அப்புறம் வந்தது அழைப்பு: "ஜூன் மாதம், காலை 10 மணி, சிஇடி". சிஇடி என்பது மத்திய ஐரோப்பாவின் குளிர்கால நேரம். ஆனால் ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிய கோடை நேரம், அது சிஇஎஸ்டி. எழுதியிருப்பதை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்போம். அலுவலகத்தில் விளக்கம் கேட்டால், "மெயிலில் உள்ள நேரமே சரி" என்று பதில்! எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு மணி நேரம் முந்திய சிஇஎஸ்டி கணக்குக்கே உட்கார்ந்தேன். நல்லவேளை, அதுதான் சரி. உங்களுக்கு இப்படி வந்தால் 'யூடிசி-யில் (கோடைக்கும் மாறாத உலகப் பொது நேரம்) எத்தனை மணி?' என்று மட்டும் கேளுங்கள். மழுப்ப வழியில்லை.

அடுத்து தகுதிப் பிரச்சினை. வேலையில் சேரும் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், சேரப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ, படித்திருக்கவோ, வேலை பார்த்திருக்கவோ கூடாது. நான் அங்கே ஒரே ஒரு செமஸ்டர் படித்ததைப் பார்த்துவிட்டு, நேர்காணலுக்கு முதல் நாள் மாலை "நீங்கள் தகுதி பெறமாட்டீர்கள் போலிருக்கிறது" என்கிறார்கள். போன தேதி, திரும்பிய தேதி இரண்டுக்கும் சான்று தேடி அனுப்பிய பிறகே விட்டார்கள். கொஞ்ச நாள் அந்த நாட்டில் இருந்தவர்கள் இந்தக் காகிதங்களை முன்பே ஸ்கேன் செய்து வையுங்கள்.

பத்து நிமிடப் பேச்சு என்று சொல்லியிருந்தார்கள்; உள்ளே போனதும் ஐந்தே நிமிடம். சின்ன வடிவம் ஒன்று கைவசம் இருந்ததால் தப்பித்தேன். கைடின் கட்டுரைகளைக் கரைத்துக் குடித்திருந்தேன், அதிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை. கேள்வி கேட்டவர் கூட்டு நிறுவனத்துக்காரர். என் முதுகலை ஆய்வு வரைபடத்தைக் காட்டி, "இந்த எரர் பார் திட்ட விலக்கமா, திட்டப் பிழையா?" என்றார். அதாவது, வரைபடப் புள்ளியின் மேலும் கீழும் நீளும் அந்தக் கோடு அளவுகளின் சிதறலைக் காட்டுகிறதா, சராசரி எவ்வளவு துல்லியம் என்பதைக் காட்டுகிறதா என்று. திட்ட விலக்கம், இத்தனை மாதிரிகள், இந்தக் காரணம் என்று சொன்னதும் தலையாட்டினார். உங்கள் ஸ்லைடில் இருக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் பதில் வைத்திருங்கள்.

கடைசியில் நம் முறை. நிதி தீர்ந்த பிறகும் ஆய்வேடு முடியாவிட்டால் சம்பளம் யார் தருவார் என்று கேட்டேன். துறை ஏற்கும் என்றார் கைடு; மெயிலிலும் எழுதி வாங்கிவிட்டேன். அறிவிப்பில் போடும் உதவித்தொகையில் வேலை தருபவர் கட்டவேண்டிய பங்கும் சேர்ந்தே இருக்கும், அதைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். கைக்கு எவ்வளவு வரும் என்று அதே அலுவலகத்தைக் கேட்டிருக்கிறேன். பதில் வந்தபாடில்லை.