பென்சிலால் கீறிய நிரல்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் சாதாரண தரப் பரீட்சை (ஓ.எல்.) எழுதும் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. மட்டக்குளி, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் பக்கத்துப் பிள்ளைகள். வத்தளையில் இருந்தும் சிலர் வருவார்கள். பொதுச் சுகாதாரம் என்றால் டெங்குக் காலத்தில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பூச்சாடியைக் கவிழ்த்துப் பார்ப்பது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அப்படிப்பட்ட நான் ஒரு சுகாதார அலுவலகத்தின் வருடாந்தத் திட்டத்தில் ஒரு வரியைச் சேர்ப்பதற்காக ஒன்றரை வருடம் அலைந்தேன். அதைத்தான் எழுதுகிறேன். இதே வேலையில் இறங்க நினைக்கும் யாருக்காவது உதவும்.

2023ஆம் ஆண்டு. 2022க்கான சாதாரண தரப் பரீட்சை அந்த வருடம் மே மாதக் கடைசியில்தான் தொடங்கியது. அந்தப் பிள்ளைகள் கொரோனாக் காலத்தில் ஃபோன் திரையைப் பார்த்துப் படித்தவர்கள். அது முடிந்ததும் எரிபொருள் வரிசை. ஒரு கட்டத்தில் நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. நாம் இப்போது எந்த வகுப்பில் இருக்கிறோம் என்பதே அவர்களுக்குக் குழப்பம். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது திருத்துவதற்காக ஒரு மாணவியிடம் வாங்கிய கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். மேலே ஓர் இருபடிச் சமன்பாடு, சரியாகத் தீர்த்திருந்தாள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'எனக்கு இருக்கவே விருப்பமில்லை'.

எனக்குக் கை காலெல்லாம் குளிர்ந்துவிட்டது. கேட்டால் பிள்ளை பயந்துவிடுமோ, கேட்காமல் விட்டால் என்ன ஆகுமோ. 1926க்கு எடுத்தேன். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண் அது. தமிழிலேயே கதைத்தார்கள். நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் கூடிவிடாது, தனியாக விடாதீர்கள், வீட்டாரோடு சேர்ந்து வைத்தியரிடம் கூட்டிப்போங்கள் என்றார்கள். கேட்டேன். அவள் அழுதாள். அப்புறம் தாய்க்குச் சொன்னேன்.

"அங்கொடைக்கா சேர்?" அதுதான் அந்த அம்மாவின் முதல் கேள்வி.

கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சின்ன வயதில் யாரையாவது கேலி செய்வதென்றால் 'அங்கொடைக்கு அனுப்பணும்' என்போம். 2008இல் அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரி தேசிய மனநல நிறுவகம் ஆகிவிட்டது. வாயில் இன்னமும் அங்கொடைதான். மனநலத்துக்கென்று நாட்டில் இருக்கும் சட்டமோ 1873இல் வெள்ளைக்காரன் எழுதியது. ஊர்வாய் மட்டும் எப்படி மாறும்?

அங்கொடை இல்லை, சாதாரண ஆஸ்பத்திரி கிளினிக்தான் என்று சொல்லிக் கூட்டிப்போனோம். பெயர் வேண்டாம். விடியற்காலையில் நம்பர் எடுத்து, பத்தரை மணிக்கு உள்ளே போனார்கள். நான் வெளியே இருந்தேன். டொக்டர் நல்ல மனுஷி, ஆனால் தமிழ் தெரியாது. பிள்ளைக்குச் சிங்களத்தில் கடையில் சாமான் வாங்கத் தெரியும், மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாது. எனவே தாய் மொழிபெயர்த்தார். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். தாய் மருந்து எடுக்க வரிசையில் நின்றபோது அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "நான் சொன்னத அம்மா சொல்லல சேர். தூக்கம் இல்லன்னு மட்டும் சொன்னாங்க."

தாயைக் குறை சொல்ல முடியாது. தன் பிள்ளை உயிரோடு இருக்க விரும்பவில்லை என்பதை ஓர் அந்நியர் முன்னால் இன்னொரு மொழியில் சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? நான் உள்ளே போயிருந்தாலும் இதே கதைதான், கணக்கு வாத்தியார் முன்னால் அவள் என்னத்தைச் சொல்லியிருப்பாள்? பிறகு வேறோர் இடத்தில் தமிழ் தெரிந்த வைத்தியர் ஒருவர் கிடைத்தார். அவள் இப்போது நலமாக இருக்கிறாள். அவளுடைய கதை அவளுடையது, அதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை.

ஆனால் அந்தப் பத்து நிமிஷம் என்னை விடவில்லை. நம் பகுதியிலேயே, தமிழில், பிள்ளைகள் தாமாகப் போகக்கூடிய ஓர் இடம் ஏன் இல்லை?

முதல் தவறு இங்கே செய்தேன். யாருக்கு எழுதவேண்டும் என்று தெரியாமல் ஒரு நீண்ட கடிதத்தைப் பிழையான இடத்துக்கு அனுப்பினேன். கொழும்பில் இது சுலபமாக நடக்கும். மாநகர எல்லைக்குள் சுகாதார வைத்திய அதிகாரிகள் மாநகர சபையின் கீழ் வேலை செய்கிறார்கள், எல்லைக்கு வெளியே மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழ். ஒரு தெருவின் இந்தப் பக்கம் ஓர் ஆட்சி, அந்தப் பக்கம் இன்னொன்று. நான் பிறகு போன அலுவலகம் எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டேன். அங்கே இருந்தவர்கள் எனக்கு உதவியவர்கள், என் எழுத்தால் அவர்களுக்குத் தொந்தரவு வரவேண்டாம். நீங்கள் போவதானால் முதலில் உங்கள் வீட்டுக்கு வரும் குடும்ப நல மாதுவைக் கேளுங்கள். எந்த அலுவலகம், எந்த நாள், யாரைப் பார்க்கவேண்டும், எல்லாம் அவருக்குத் தெரியும். எனக்கு வழி காட்டியதும் எங்கள் தெருவுக்கு வரும் மிஸ்தான்.

சுகாதார வைத்திய அதிகாரி சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். என் சிங்களமும் அவருடைய அரைகுறைத் தமிழுமாகக் கதைத்தோம். பகுதிக்கொரு சுகாதார அலுவலகம் என்ற இந்த முறைக்கே 1926இல் களுத்துறையில்தான் தொடக்கம் என்றார் பெருமையாக. உதவி எண்ணும் 1926 என்றேன். சிரித்துவிட்டு, அது தற்செயல் என்றார். 10 முதல் 24 வயது வரையானவர்களுக்கு 'யொவுன் பியச' என்ற பெயரில் இளைஞர் சேவை நிலையங்கள் இருப்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். தமிழில் சொன்னால் இளைஞர் இல்லம். என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், ஒரு பிள்ளைக்கும் தெரிந்திருக்கவில்லை.

நான் போனது ஒக்டோபர். அடுத்த வருடத் திட்டம் ஏற்கனவே மேலே போய்விட்டது. இது எனக்குப் புதுப் பாடம். ஜனவரியில் செலவழிக்கும் காசை முந்திய வருட நடுப்பகுதியிலேயே யோசித்து முடித்துவிடுகிறார்கள். மாநகர சபையின் வரவுசெலவுத் திட்டமும் வருடக் கடைசியில்தான் சபைக்கு வரும், ஆனால் அதற்குள் போகவேண்டியது எல்லாம் அதற்கு முன்பே போயிருக்கும். ஆகவே கேட்பதென்றால் ஜூனில் கேளுங்கள்.

"சேர், தேவை இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா எனக்கு எண் வேணும்" என்றார் டொக்டர். திட்டம் போடுகிறவர்களின் மேசைக்குக் கதை போவதில்லை, எண்தான் போகிறது என்பதை எனக்குப் புரியவைக்க ஓர் உதாரணமும் சொன்னார். இந்த நாட்டில் தற்கொலை வீதம் 1950 முதல் 1995 வரை எட்டு மடங்கு கூடி, ஒரு லட்சம் பேருக்கு 47 என்ற அளவைத் தொட்டது. 2005க்குள் அது பாதியாகிவிட்டது. முக்கியமான காரணம், மிக நச்சான பூச்சிமருந்துகளை 1995இலும் 1998இலும் தடை செய்தது. எண்களை வைத்துக்கொண்டு பார்த்தவர்களுக்குத்தான் எதில் கை வைக்கவேண்டும் என்று தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது, ஒரு பிள்ளை எண்ணாகவேண்டுமா என்று. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, நாள் முழுக்க எண்ணோடு கிடக்கிற நான் கோபப்படுவது வேடிக்கையாக இருந்தது.

சரி, எண் தேடுவோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டேன். தமிழில் எழுதலாம். எதற்குக் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால், குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். எனக்கு அவ்வளவு தூரம் போகவேண்டி வரவில்லை. நான் கேட்டது மூன்று: இளைஞர் சேவைக்குக் கடந்த வருடம் எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் தமிழில் கதைத்தவர்கள், தமிழில் ஆலோசனை சொல்லக்கூடிய உத்தியோகத்தர் எத்தனை பேர்.

முதல் கேள்விக்கு ஓர் எண் வந்தது, சின்ன எண். மூன்றாவதற்கும் வந்தது, அது அதைவிடச் சின்னது. இரண்டாவதற்கு ஒரு வரிப் பதில்: பதிவேட்டில் மொழிக்கு நிரல் இல்லை.

அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு வகுப்பு எடுத்தேன். வந்தவர்களை வயது, பால், பிரச்சினை என்று பிரித்து எழுதுகிறார்கள். எந்த மொழியில் கதைத்தார்கள் என்பதற்கு இடமில்லை. தமிழ்ப் பிள்ளை வந்து திரும்பிப் போனாலும், வராமலே விட்டாலும், அந்தத் தாளில் ஒன்றுதான்.

நாமே கேட்போம் என்று முடிவு செய்தோம். நான், இன்னும் இரண்டு டியூஷன் மாஸ்டர்கள், பள்ளிவாசல் பக்கத்தில் இருக்கும் ஒரு டீச்சர். பெயர் எழுதாத துண்டுத் தாளில் ஐந்து கேள்விகள். நாலாவது கேள்வி, அந்தப் பிள்ளையின் கொப்பியில் நான் பார்த்த வரியைப் பற்றியது: இப்படி எப்போதாவது நினைத்திருக்கிறாயா? டொக்டரிடம் காட்டினேன். சிவப்புப் பேனாவால் அந்தக் கேள்வியின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "முப்பது பிள்ளைகள் 'ஆம்'னு எழுதிக் குடுக்குறாங்க. பெயர் இல்ல. அன்னைக்கு ராத்திரி நீங்க என்ன செய்வீங்க?"

என்னிடம் பதில் இல்லை. யாரென்று தெரியாமல், உதவ ஆளும் இல்லாமல், பிள்ளைகளின் மனதைக் கிளறிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இந்த முழு அலைச்சலிலும் நான் கற்ற மிகப் பெரிய விஷயம் அந்தச் சிவப்புக் கோடுதான். ஐந்தையும் தூக்கிவிட்டு இரண்டே கேள்விகள் வைத்தோம். மனம் சரியில்லை என்றால் யாரிடம் சொல்வாய்? ஓர் இடத்துக்குப் போய்க் கதைக்கலாம் என்றால் அந்த இடம் எப்படி இருக்கவேண்டும்? துண்டின் அடியில் 1926 என்று அச்சடித்தோம், கிழித்து வைத்துக்கொள்ளும் விதமாக.

முதல் கேள்விக்கு அதிகம் வந்த பதில் 'ஒருத்தர்ட்டயும் இல்ல'. அடுத்தது கூட்டாளி. அம்மம்மா என்று சிலர். ஒரு பிள்ளை 'எங்கட பூனை' என்று எழுதியிருந்தது. சிரித்தோம், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டோம். நிறையத் துண்டுகளில் அடிப்பகுதி கிழிக்கப்பட்டிருந்தது. அதை எண்ணவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

இரண்டாவது கேள்விக்கான பதில்கள்தான் திட்டத்துக்குப் போனது. 2024 ஜூனில் ஒரு கூட்டம். மாலு பணிஸ், பிளேன்டீ, இரண்டு மணி நேரம் சிங்களம். என்னோடு ஒரு பையனையும் கூட்டிப்போயிருந்தேன், பதினெட்டு வயது, சிங்களம் நன்றாக வரும். பிள்ளைகளைப் பற்றிய கூட்டத்தில் பிள்ளை என்று இருந்தது அவன் ஒருவன்தான். டொக்டர் கேட்டதும் எழுந்து சொன்னான். கிளினிக் புதன்கிழமை காலையில், அப்போது நாங்கள் ஸ்கூலில். வந்தாலும் கர்ப்பிணித் தாய்மாரோடு அதே வாங்கில் உட்காரவேண்டும், அவர்களில் ஒருவர் நிச்சயம் எங்கள் தெரு ஆன்ட்டியாக இருப்பார். நான் வீட்டுக்குப் போக முன்னால் செய்தி வீட்டுக்குப் போய்விடும். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு மிஸ் சொன்னார், அது உண்மை என்று. தரம் 10இல் பாடசாலை வைத்தியப் பரிசோதனைக்குப் போகும்போது உயரம், நிறை, கண், பல் எல்லாம் பார்க்கிறோம், அந்த வயதில் தலைக்குள் இருப்பதைக் கேட்க நேரம் கிடைப்பதில்லை என்றும் அவரே சொன்னார்.

நான் பதின்மூன்று மாதம் மொழி, மொழி என்று அலைந்தேன். அவனோ நேரத்தையும் வாசலையும் சொன்னான். ஒரு தமிழ் டொக்டரைக் கொண்டுவந்து புதன்கிழமை காலையில் அந்த வாங்கில் உட்காரவைத்திருந்தாலும் ஒரு பிள்ளையும் வந்திருக்காது.

கேட்டதில் பாதி கிடைத்தது. தமிழ் தெரிந்த நிரந்தர ஆலோசகர் கிடைக்கவில்லை. அதற்கு ஆளணி அனுமதி வேண்டும், அது அந்த அலுவலகத்தின் கையில் இல்லை. நாங்கள் எழுதிய கடிதம் எங்கேயோ ஒரு கோப்புக்குள் இருக்கிறது, நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தது, 2025க்கான திட்டத்தில் ஒரு வரி: மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள், பின்னேரம், பக்கத்து வாசல் வழியாக, தமிழ் கதைக்கும் ஒரு வைத்திய அதிகாரியை வேறு இடத்திலிருந்து வரவழைத்து. செலவென்று பார்த்தால் மின்விசிறியும், ஓட்டோக் காசும், ஒரு திரையும்தான்.

முதல் சனிக்கிழமை யாரும் வரவில்லை. இரண்டாவதுக்கு ஒரு பையன் வந்து, பி.எச்.ஐ. வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டுவிட்டுப் போனான். மூன்றாவதில் இருந்து வரத் தொடங்கினார்கள், பெரும்பாலும் இரண்டிரண்டு பேராக. ஒருத்தி உள்ளே, அவளுடைய கூட்டாளி வெளியே படியில் ஃபோனோடு.

மொழிக்கு நிரல் வேண்டும் என்ற கோரிக்கைக்குப் பதில், பதிவேடு அச்சாகி வருவது, மாற்றமுடியாது. மிஸ் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் அடிமட்டம் இருக்கிறதா என்று கேட்டார். கணக்கு வாத்தியாரிடம் இல்லாமலா? கடைசி நிரலுக்கு அப்பால் இருந்த ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு கீறி, தலைப்பில் 'மொழி' என்று எழுதினார். இந்த ஜனவரியில் புதுப் பதிவேடு வந்தது, பழைய அச்சுத்தான். போன கிழமை அந்தப் பக்கம் போனபோது எட்டிப்பார்த்தேன். ஏப்ரல் வரைக்கும் கீறி வைத்திருக்கிறார்.