கொண்டை மலையின் ஊற்று

"ஏன்டா, லிங்கத்தையே காணோமே?"

கருவறைக்குள் எட்டிப் பார்த்த அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். உள்ளே காவித் துணி போர்த்திய புத்தர்கள். முன்னால் ஊதுவத்திப் புகை. வாழையிலையைக் கூம்பாகச் சுருட்டிச் செண்டுமல்லி செருகிய காணிக்கைகள். திருநீற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள்.

லாவோஸின் தென்மேற்குக் கோடியில் உள்ள சம்பாசாக் மாகாணம் இது. ஒரு காலத்தில் சிவனுக்கு இருந்து, இப்போது புத்தர் குடியிருக்கும் வாட் பூ கோயிலுக்கு வந்திருந்தோம். மேற்கே தாய்லாந்து, தெற்கே கம்போடியா. லாவோஸுக்கும் தாய்லாந்துக்கும் நெடுந்தூரம் மீகாங் ஆறுதான் எல்லை. இந்த மாகாணத்தில் எல்லைக்கோடு ஆற்றை விட்டு மேற்கே ஒதுங்கிப் போகிறது. 1904-ல் பிரெஞ்சுக்காரர்கள் சயாமிடமிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திடமிருந்து, இந்த மேற்குக் கரையை எழுதி வாங்கினார்கள். 1941-ல் தாய்லாந்து எடுத்துக்கொண்டது. 1946-ல் மறுபடி இந்தப் பக்கம் வந்தது. இருந்த இடத்தை விட்டு அசையாமலே 42 வருடத்தில் மூன்று முறை நாடு மாறியிருக்கிறார் சிவன்.

வாட் பூ என்றால் மலைக்கோயில். பாக்சே நகரத்திலிருந்து வேனில் ஒரு மணி நேரம். கீழே பெரிய குளங்கள், பிறகு நீண்ட கல்பாதை, இருபுறமும் இடிந்த மண்டபங்கள். அதற்கப்புறம்தான் சோதனை. படிகள் ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரையடி. இரண்டு பக்கமும் நம்மூரில் ஈழத்தலரி என்கிற மரங்கள் வளைந்து கூரை போட்டிருக்கின்றன. லாவோஸின் தேசிய மலர் அதுதான், சம்பா என்கிறார்கள். அம்மா பத்துப் படிக்கு ஒரு பூவைப் பொறுக்கிக்கொண்டு, அதைச் சாக்காக வைத்து மூச்சு வாங்கிக்கொண்டாள்.

லிங்கத்துக்கு வருகிறேன். கோயிலுக்குப் பின்னால் ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் நிற்கும் மலை உச்சியில், யாரும் செதுக்காமல் தானாக நிமிர்ந்த பாறை ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பழையவர்கள் லிங்கபர்வதம் என்று பெயர் வைத்தார்கள். இங்கே எழுந்தருளியிருந்தவர் பத்ரேஸ்வரர். இன்றைக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் பூ காவ், கொண்டை மலை. சடைமுடி என்று மொழிபெயர்த்துச் சொன்னேன். "அப்ப திருவண்ணாமலை மாதிரிதான், மலையே சாமி" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள். அன்றைக்கு உச்சியை மேகம் மூடியிருந்தது. அவள் அந்தத் திசைக்கே கும்பிட்டாள்.

இப்போது நிற்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரையிலான கெமர் (பழைய கம்போடிய) அரசர் காலத்து வேலை. ஊர் அதைவிடப் பழையது. ஆற்றங்கரையில் கிடைத்த 5-ஆம் நூற்றாண்டு சமஸ்கிருதக் கல்வெட்டு, தேவானீகன் என்ற அரசன் இங்கே ஒரு தீர்த்தம் உண்டாக்கி அதற்குக் குருக்ஷேத்திரம் என்று பெயரிட்டதைச் சொல்கிறது. மீகாங் கரையில் ஒரு குருக்ஷேத்திரம்! 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததைவிட எனக்கு இதுதான் பெரிய செய்தி.

வாசல் மேல் மூன்று தலை யானையில் இந்திரன். இன்னொரு கல்லில் கம்சனை இரண்டாகக் கிழிக்கும் கிருஷ்ணன். பின்பக்கப் பாறையில் நடுவில் சிவன், இருபுறமும் பிரம்மாவும் விஷ்ணுவும். முதலை வடிவம் செதுக்கிய கல் வடக்கே இருக்கிறது. அம்மாவின் முட்டி அதற்கு ஒத்துழைக்கவில்லை.

ஆனால் ஊற்றை விடவில்லை. கருவறைக்குப் பின்னால் செங்குத்துப் பாறையின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து சொட்டுகிறது. ஒரு காலத்தில் கல் வாய்க்கால் வழியாக இது உள்ளே போய், இரவும் பகலும் லிங்கத்தின் மேல் விழுந்துகொண்டிருந்ததாம். குடம் தூக்க ஆள் வேண்டாத அபிஷேகம். இப்போது வாய்க்காலும் இல்லை, லிங்கமும் இல்லை. தண்ணீர் மட்டும் தன் வேலையைப் பார்க்கிறது. ஒரு லாவோஸ் பாட்டி குனிந்து பேத்தியின் தலையில் அள்ளி ஊற்றினாள். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்துத் தன் கிண்ணத்தை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா தலையில் தெளித்துக்கொண்டு, திருநீற்றை எடுத்துப் பாட்டியின் நெற்றியில் இட்டாள். பேத்தியும் நெற்றியைக் காட்டினாள்.

ஒரு பாட்டில் நிறையப் பிடித்துக்கொண்டோம். பாக்சே விமான நிலையத்தில்தான் அது அம்மாவின் கைப்பையில் இருப்பது ஞாபகம் வந்தது. தண்ணீரோடு உள்ளே விடமாட்டார்கள் என்றேன்.

"சாமி தீர்த்தத்தைக் குப்பைத்தொட்டில போடச் சொல்றியா?"

வரிசையில் நின்றபடியே பாதியைக் குடித்தாள். மீதியை என் தலையில் கவிழ்த்தாள்.